வேறுபாட்டிலிருந்து விழுக்காட்டுக்கு: விமான வகுப்புக் குறைப்பும் இழப்பீடும்

விமானப் பயணியின் உரிமைகள் பற்றிய சட்ட வரலாறு நெடுங்காலம் விபத்து, தாமதம், தொலைந்த பெட்டி ஆகியவற்றின் வரலாறாகவே இருந்தது. 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை இவற்றையே பேசியது. இந்தியா அதனை 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஏற்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதே தடத்தில் சென்றது. பிசினஸ் வகுப்புக்குப் பணம் செலுத்தியவரை எகானமி வகுப்பில் அமர்த்தினால் எவ்வளவு தர வேண்டும் என்ற வினாவுக்கு இவற்றில் தனி விதி கிடையாது.

மரபான விடை ‘கட்டண வேறுபாடு’ என்பதாகும். ரயில் பயணத்தில் கீழ் வகுப்புக்கு மாற்றப்பட்டவருக்கு இந்த வேறுபாடே திருப்பித் தரப்படுகிறது. ரயில்வே கட்டணம் பெரும்பாலும் தொலைவையும் வகுப்பையும் சார்ந்து முன்னரே அறிவிக்கப்படுவதால், அங்கே வேறுபாட்டை எவரும் கணக்கிடலாம். விமானக் கட்டணமோ அப்படிப்பட்டதன்று. அரசு நிறுவனங்களுக்குத் தனியுரிமை அளித்த 1953ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. அதன்பின் வளர்ந்த போட்டிச் சந்தையில் ஒரே இருக்கையின் விலை நாளுக்கு நாள் மாறலாயிற்று. ஒருவர் முன்கூட்டியே 30,000 ரூபாய்க்குப் பிசினஸ் இருக்கை வாங்கினார் எனக் கொள்வோம். பறக்கும் நாளில் எகானமி விலை 26,000 ரூபாயானால், அவருக்கு உரிய ‘வேறுபாடு’ 4,000 ரூபாய் மட்டுமே. அளவுகோல் முழுவதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஐரோப்பாவின் 1991ஆம் ஆண்டு விதியும் வேறுபாட்டையே தந்தது. 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குமுறை அதனைக் கைவிட்டு, பயணச்சீட்டு விலையின் விழுக்காட்டை அளவாக்கியது: 1,500 கிலோமீட்டர் வரை 30, பெரும்பாலும் 3,500 வரை 50, அதற்கு மேல் 75. பயணி தம் இழப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தொலைவே போதும். ஆயினும் ‘எதன் விழுக்காடு’ என்ற ஐயம் எஞ்சியது. 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு விடையளித்தது. பல கட்டப் பயணத்தில், வகுப்புக் குறைக்கப்பட்ட அந்த ஒரு பறப்பின் விலையையே கொள்ள வேண்டும். வகுப்பைச் சாராத வரிகளைக் கழித்துவிட வேண்டும் என்றது. ஒரு சொல்லின் எல்லை சுருங்கியதும் தொகையும் சுருங்கியது.

இந்தியாவில் இவ்வினா அண்மையில்தான் விதியாயிற்று. பழுதான இருக்கை, விமான மாற்றம், அளவுமீறிய முன்பதிவு ஆகியவற்றால் எழுந்த புகார்களை அடுத்து, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2022 டிசம்பரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. வரி உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தந்து, கிடைக்கும் வகுப்பில் கட்டணமின்றி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2023 பிப்ரவரி 15இல் நடைமுறைக்கு வந்த விதியில் ‘முழு’ மறைந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு, வரி உட்பட, 75 விழுக்காடு; பன்னாட்டுப் பயணத்துக்குத் தொலைவுக்கேற்ப 30, 50, 75. வரியைச் சேர்த்ததில் இந்திய விதி ஐரோப்பிய விளக்கத்தைவிடப் பயணிக்குச் சாதகமானது. ஆனால் இரு வகைப் பயணங்களுக்கும் இரு வேறு அளவுகளைக் கொண்டதில் அது ஒரு முரணையும் ஏற்றது: டெல்லி–மும்பைப் பயணிக்கு 75 விழுக்காடு, டெல்லி–காத்மாண்டுப் பயணிக்கு 30. இரு பயணிகளும் இழந்தது ஒரே வகை இருக்கையைத்தான்.

விழுக்காடு வந்ததால் அளவுகோல் நிறுவனத்தின் கையிலிருந்து சட்டத்தின் கைக்கு மாறியது. இவ்வரலாற்றின் மெய்யான முன்னேற்றம் அதுவே. ஆனால் அந்த எண்களுக்கான நியாயம் இன்னும் சொல்லப்படவில்லை. எல்லையைக் கடக்கும் இருக்கையின் மதிப்பு ஏன் குறைய வேண்டும் என்பதை விளக்காத வரை, அத்தொகையை நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு எனலாம். நியாயமான இழப்பீடு என்று சொல்ல இயலாது.