பேருந்து வராத தெருவின் வரலாறு

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியேயும் அம்பத்தூர் ஓ.டி.யிலும் காலை ஏழு மணிக்கு வரிசைகட்டி நிற்கும் ஷேர் ஆட்டோக்களைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரே மாதிரிதான் எழுதுகின்றன: நெரிசல், விதிமீறல், அளவுக்கு மேல் ஆட்கள். உள்ளே முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று எழுதுவதில்லை. எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகும் பெண்கள், அண்ணா நகரில் வீட்டு வேலை பார்ப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சித்தாள்கள். நம் காலனிகளில் இருந்து வருபவர்கள் இதில் ஏராளம். பேருந்து வராத இடத்தில் மக்கள் தங்களுக்குள் கூலி பங்கிட்டு ஒரு வண்டியை ஓட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அது 2007ல் டாட்டா மேஜிக் வண்டி வந்ததோடு தொடங்கியதல்ல.

1924ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள், பொதுக் கட்டிடங்கள் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்றது அது. அரசும் ஏற்று ஆணை பிறப்பித்தது. சாலையில் நடக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் அந்தச் சாலையில் ஓடிய தனியார் பேருந்துகளில் ஏற முடியவில்லை. பஞ்சமருக்கு இடமில்லை என்று பயணச்சீட்டிலேயே அச்சடித்த முதலாளிகள் இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்ட பிறகுதான் அந்த ஜில்லாவில் கதவு திறந்தது. உபதேசத்தால் நடக்காதது உரிமத்தில் கைவைத்ததும் நடந்தது.

வண்டி மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சாட்சி. 1901ல் ஒன்பது வயதுச் சிறுவனாக, கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காணப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். உடன் வந்தவர்களும் சிறுவர்களே. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்வது, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்று முடிவானது. 1929ல் அவர் பாரிஸ்டர், டாக்டர் பட்டம் பெற்றவர், அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் இறங்கினார். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்த டோங்காக்காரரும் சம்மதிக்கவில்லை. மகர்வாடா மக்கள் டோங்காவை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கோ அந்த வேலை பழக்கமில்லை. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கியது, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி வீசப்பட்டார், கால் முறிந்தது, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. தங்கள் தலைவர் நடந்து வரக்கூடாது என்ற அக்கறையில் மக்கள் செய்த ஏற்பாடு அது. அந்த விபத்தை ஓட்டியவரின் கணக்கில் எழுதுவதா, ஓட்ட மறுத்தவர்களின் கணக்கில் எழுதுவதா? இன்று ஷேர் ஆட்டோ கவிழ்ந்தால் வரும் செய்தியைப் படிக்கும்போதும் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டு ஜூனில் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். 381 நாள் அவர்களைத் தாங்கியது நடைப்பயணம் மட்டுமல்ல. சுமார் 300 கார்கள், தேவாலய வேன்கள், ஏறுமிடம் இறங்குமிடம் குறித்த பட்டியல் என்று ஒரு முழுப் போக்குவரத்தையே அவர்கள் சொந்தமாக நடத்தினார்கள். நகர நிர்வாகம் அதைத்தான் குறிவைத்தது. ஓட்டுநர்களுக்கு அபராதம் விழுந்தது. வண்டிகளின் காப்பீடு ரத்தானது. 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைலில் போனதாகச் சொல்லி மார்ட்டின் லூதர் கிங்கையே கைது செய்தார்கள். உரிமம் இல்லாத போக்குவரத்து என்று வழக்குப் போட்டுத் தடையும் வாங்கினார்கள்.

உரிமம் என்ற இந்தச் சொல் ஷேர் ஆட்டோவையும் விடவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு வகை பர்மிட்டைச் சொல்கிறது. ஸ்டேஜ் கேரேஜ் என்றால் வழியில் ஆட்களை ஏற்றி இறக்கித் தனித்தனியாகக் கட்டணம் வாங்கலாம். காண்ட்ராக்ட் கேரேஜ் என்றால் முழு வண்டியும் ஒரே வாடகை, நடுவில் ஏற்றக்கூடாது. ஷேர் ஆட்டோ வைத்திருப்பது இரண்டாவது பர்மிட், செய்வது முதலாவது வேலை. ஆகவே அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் குற்றம். அபராதம் ஓட்டுநருக்கு, செலவு கடைசியில் பயணிக்கு.

சென்னையில் 1947-48ல் பேருந்துகள் அரசின் கைக்கு வந்தன. 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ஏறக்கூடாது என்று சொல்லும் முதலாளி நகரத்தில் இல்லாமல் போனது சாதாரண விஷயமல்ல. 1994 ஜனவரியில் பல்லவனைப் பிரித்து நகரின் வடபுறத்துக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் அமைத்தார்கள். அப்படி ஒரு கழகம் இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மூன்றரை ஆண்டுதான் அந்தப் பெயர் ஓடியது. 1997ல் தென் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள், கலவரம் வெடித்தது. நம்மை ஏற்றமாட்டோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள், நம் பெயர் இருந்தால் ஏறமாட்டோம் என்றார்கள். அரசு என்ன செய்தது? ஜூலை 1 முதல் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களில் இருந்தும் எடுத்துவிட்டது. அம்பேத்கர் கழகம் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டாம் கோட்டமானது. 2001ல் அதுவும் முதல் கோட்டத்தோடு கலந்தது.

பெயரை எடுத்தார்கள், சரி. பேருந்தாவது தெருவுக்கு வந்ததா? மேற்குப் புறநகரின் அமைப்பைப் பாருங்கள். 1856ல் போட்ட ரயில் பாதையை ஒட்டி அம்பத்தூரும் ஆவடியும் வளர்ந்தன. பூவிருந்தவல்லிக்கு அந்த ரயிலும் இல்லை, நெடுஞ்சாலைதான். குமணன்சாவடி, கரையான்சாவடி என்ற பெயர்களே சாலையில் போகிறவர்கள் தங்கிப்போன காலத்தைச் சொல்லும். பேருந்து இந்தப் பெரிய சாலைகளில் ஓடியது. எஸ்டேட்டும் டாங்கி தொழிற்சாலையும் வந்தபோது ஆள் தேவைப்பட்டது, ஆட்கள் சாலையில் இருந்து உள்ளடங்கிய இடங்களில் இருந்தார்கள். பிறகு குடிசை மாற்று வாரியம் திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கத்திலும் அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டிலும் அடுக்குமாடிகளைக் கட்டி நகரத்துக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தது. வீடு இங்கே, வேலை அங்கே. இடைவெளியை நிரப்பியது ஷேர் ஆட்டோவும் கம்பெனி வேனும்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேருந்து வரும் தெருவில் இருப்பவருக்கு அந்தப் பணம் மிச்சம். வராத காலனியில் இருப்பவர் காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் ஒரே கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். பேருந்தில் ஏற விடாமல் தடுத்தால் வழக்குப் போட 1955 சட்டம் இருக்கிறது. பேருந்தே வராவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவது?

மினி பேருந்துத் திட்டம் 1997லேயே வந்தது, சென்னையை விட்டுவிட்டு. 2013ல் மாநகரக் கழகம் விட்ட சிற்றுந்துகள் பற்றி, அவற்றில் வரைந்த இலைகள் கட்சிச் சின்னமா இல்லையா என்று நடந்த சண்டைதான் அதிகம் நினைவிருக்கிறது. 2024ல் வந்த புதிய வரைவு அம்பத்தூர், வளசரவாக்கம் போன்ற வெளி மண்டலங்களிலும் தனியார் மினி பேருந்துகளை அனுமதிக்கலாம் என்றது, ஒரு வழித்தடத்துக்கு 25 கிலோமீட்டர் வரை. வழித்தடத்தை முடிவு செய்யும் வட்டாரப் போக்குவரத்து ஆணையமாக மாவட்டங்களில் இருப்பவர் கலெக்டர். ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் அவர் திருவள்ளூரில் இருக்கிறார். லாபம் பார்க்கும் தனியார், காலனிக்குள் திரும்பாமல் மெயின் ரோட்டிலேயே போகத்தான் வழி கேட்பார். ஆகவே மனு கொடுக்கும் தோழர்கள் ‘எங்கள் பகுதிக்குப் பேருந்து வேண்டும்’ என்று பொதுவாக எழுத வேண்டாம். தெருவின் பெயர், அங்கிருந்து அடுத்த நிறுத்தம் எத்தனை கிலோமீட்டர், காலை ஷிப்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள், ஷேர் ஆட்டோவுக்கு நாளைக்கு எவ்வளவு செலவு என்று எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கு அந்த ஓட்டுநர்களிடமே இருக்கிறது.