இரட்டை ஒப்பீடும் இலக்கணத்தின் வர்க்கச் சார்பும்

ஆங்கிலத்திலே குறும் பெயரடைகள் ‘அர்’, ‘எஸ்ட்’ என்னும் விகுதிகளை ஏற்று ஒப்பீட்டையும் உச்சத்தையும் உணர்த்தும். நெடும் பெயரடைகளின் முன்னர் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் சொற்கள் வரும். இரண்டையும் ஒருங்கே சேர்த்து ‘மோர் பெட்டர்’ என்பது பிழையெனப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றது. அது எவ்வாறு பிழையாயிற்று என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

பழைய ஆங்கிலத்தில் விகுதிமுறையே பெருவழக்கு. இடைக்கால ஆங்கிலத்திலே தனிச்சொல்முறை பரவியபோது, இரண்டும் இணைந்த இரட்டை வடிவமும் வழக்கிற்கு வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் அன்ரனி அதனைக் கையாள்கின்றான். 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பிலே பவுலின் கூற்றிலும் அது உண்டு. பென் ஜோன்சன் இறந்தபின் 1640இல் அச்சேறிய அவரது இலக்கணநூல், கிரேக்கரின் அத்திக்க நடைக்கு ஒப்பான நயமென்று இதனைப் பாராட்டியது.

1762இல் வெளிவந்த றொபேட் லோத்தின் இலக்கணமோ அதே வழக்கை முறையற்றதெனத் தள்ளியது. எழுத்துமொழியில் அது முன்னரே அருகிவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அருகிய வழக்கைத் தவறான வழக்காக்கியவர்கள் இலக்கணகாரரே. வணிகத்தால் உயர்ந்துவந்த மத்தியதர வர்க்கத்திற்குச் செல்வத்தோடு ‘திருத்தமான’ மொழியும் தகுதிச் சின்னமாகத் தேவைப்பட்டது. 1795இல் வெளியான லின்ட்லி மறேயின் இலக்கணம் இவ்விதிகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாடசாலைகள்தோறும் கொண்டுசென்றது.

விதியைவிட விதிவிலக்குகளே உண்மையைப் புலப்படுத்துகின்றன. ‘லெஸ்’ என்பதே ஒப்பீட்டு வடிவம். அதன்மேல் மீண்டும் விகுதி சேர்ந்தது ‘லெஸ்ஸர்’. 1755ஆம் ஆண்டு அகராதியில் சாமுவேல் ஜோன்சன் அதனைப் பாமரர் ஆக்கிய சிதைவு என்றார். எனினும் கவிஞரும் உரைநடையாளரும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டதைக் குறித்துள்ளார். பிற்காலத்தில் இலண்டன் ஆயராகிய லோத்தும், பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் இறைவனைக் குறித்துவரும் இரட்டை உச்சவடிவம் பொருளுக்குப் பொருத்தமானது என்றார். இறைவனுக்காகவும் எழுத்தாளருக்காகவும் வளைந்த விதி, உழைப்பாளியின் நாவிலே அதே வடிவம் வந்தபோது வளையவில்லை.

பொதுமொழி வேண்டாமென்பது நமது வாதமன்று. அச்சும் கல்வியும் விரிந்த சமுதாயத்திற்கு அது இன்றியமையாதது. ஆயினும், பிரித்தானிய, அமெரிக்கக் கிளைமொழிகளிலே இவ்விரட்டை வடிவம் இன்றும் வாழ்கின்றது. அதனை அறியாமையின் அடையாளமாகக் கொள்வோர், இலக்கணத்தைக் கற்றுள்ளனரேயன்றி அதன் வரலாற்றைக் கற்றிலர்.