சாஸ்த்ரே

ஸ்பானியம், கத்தலான், பிலிப்பீன்சின் தகலோக் முதலிய மொழிகளில் தையற்காரரைக் குறிக்கும் சொல். இதன் மூலம் இலத்தீன். அங்கே 'சார்கீரே' என்றால் கிழிசலை ஒட்டுப்போட்டுச் சீராக்குதல். அதைச் செய்பவர் 'சார்த்தோர்'. இத்தாலியத்தின் 'சார்த்தோ', தென்பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் வழங்கும் 'சார்த்ரே' இரண்டும் அதன் வழிவந்தவை. தத்துவவாதி ழான்-பால் சார்த்ரின் குடும்பப் பெயரிலும் இந்தத் தையற்காரர் இருக்கிறார்.

இலத்தீன் வழிவந்த மொழிகள் எல்லாம் இச்சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு, வெட்டுவதைச் சுட்டும் வினையிலிருந்து வேறொரு பெயரை ஆக்கிக்கொண்டது. நம் ஊர்க் கடைப் பலகைகளில் உள்ள 'டெய்லர்' அதன் ஆங்கில வாரிசு. ருமேனியத்தின் 'குரோய்தோர்' என்பதும் வெட்டுபவரே, ஆனால் வேர் ஸ்லாவியம். போர்ச்சுக்கீசியத்தின் 'அல்ஃபயாத்தே' அரபியின் 'அல்-கய்யாத்' என்பதிலிருந்து வந்தது. ஸ்பெயினின் இடைக்காலக் காஸ்தீலிலும் அந்த அரபிச் சொல்தான் வழங்கியது. பின்னர் கிழக்கிலிருந்து, கத்தலான் பக்கமாக வந்த 'சாஸ்த்ரே' அதன் இடத்தைப் பிடித்தது.

1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி தொடங்கிவைத்த குடியேற்றத்தின் வழியே 'சாஸ்த்ரே' பிலிப்பீன்சை அடைந்தது. அத்தீவு மக்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஸ்பானியர் என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது பெரும் பிழை. தகலோக்கில் தைத்தல் 'தாஹி', ஊசி 'கராயோம்', நூல் 'சினூலித்'. மூன்றும் மண்ணின் சொற்கள். பிலிப்பீன்சின் மற்றொரு மொழியான இலோகானோவில் தைத்தலைக் குறிக்கும் 'தாயித்', அதே பொருள்கொண்ட மலாயின் 'ஜாஹித்'துக்கு உறவு. கடலைக் கடந்து வந்தவை விரலுறையான 'திதால்', பொத்தானான 'புத்தோனெஸ்', பையான 'புல்சா', 'பந்தலோன்' போன்றவை; அதாவது ஐரோப்பிய உடையும் அதன் உறுப்புகளும். அவ்வுடையை அளவெடுத்து வெட்டும் தொழிலாளிக்கே ஸ்பானியப் பெயர் அமைந்தது என்று கொள்வதே பொருத்தம். (நம் 'பொத்தா'னும் இதே போல ஐரோப்பிய உடையோடு, போர்ச்சுக்கீசியர் வழியே வந்ததுதான்.)

இன்றைய தகலோக் வழக்கில் ஆண்களின் உடை தைப்பவர் 'சாஸ்த்ரே', பெண்களின் உடை தைப்பவர் 'மொதிஸ்தா'. 'தாஹி'யிலிருந்து பிறந்த 'மனனாஹி' இருபாலருக்கும் பொது. ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவரையும் அது குறிக்கும். தையற்கடைக்கும் அதே வேர்தான்: 'பதாஹியான்'.