முதுகுத்தண்டு அழற்சி வாதம்: நோயறிதலில் வல்லுநர் கருத்து

முதுகுத்தண்டையும், அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளையும் தாக்கும் நீடித்த அழற்சி நோய் இது. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். முற்றினால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு விறைத்துவிடும். இடுப்பெலும்பு மூட்டுகளின் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியும் நிலைக்கு அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோய் பிடிபடுவது உலகெங்கும் உள்ள நிலை. டிஸ்க் கோளாறு என்று கருதி ஓய்வெடுக்கச் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் இந்நோயின் வலி ஓய்வில் தணியாது, நடமாடினால்தான் குறையும்.

நோயைத் தனியாக நின்று உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. மூட்டுவாத வல்லுநரான ருமட்டாலஜிஸ்ட்டின் கருத்து தேவைப்படுவது அதனால்தான். எச்.எல்.ஏ. பி27 மரபுக்கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் தெரியவந்தது. என்றாலும் அக்கூறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை; நோயாளிகள் சிலரிடம் அது இருப்பதும் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இயல்பாக இருந்தும் நோய் இருக்கலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய ஆண்டுக்கணக்காகும். எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டும், ஆனால் ஓட்டக்காரர்களுக்கும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும்கூட இடுப்பெலும்பு மூட்டில் இதே போன்ற எலும்பு நீர்க்கோவை தெரிவதுண்டு. படத்தை மட்டும் வைத்து முடிவுகட்டுவது ஆபத்து. ஒரு பக்க மூட்டு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், இந்தியாவில் காசநோயையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

வல்லுநர் முதலில் நம்புவது கேள்விகளை. பின்னிரவில் வலி எழுப்புகிறதா, கண் சிவந்து வலித்ததுண்டா, சொரியாசிஸ் அல்லது குடல் அழற்சி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரிப்பார். பிறகு நோயாளியை நிற்கவைத்து, இடுப்பின் பின்புறமுள்ள இரு குழிகளின் மட்டத்தில் ஒரு கோடும் அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொன்றும் இட்டு, குனியச் சொல்வார். நல்ல முதுகானால் அந்த இடைவெளி ஏறக்குறைய 15 செ.மீ. ஆகும், விறைத்த முதுகு அவ்வளவு நீளாது. ஷோபர் சோதனை எனப்படும் இதற்கு வேண்டியது பேனாவும் அளவு நாடாவும்தான்.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 45 வயதுக்கு முன் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலியோடு, குறிப்பிட்ட அறிகுறிகளில் நான்கு இருந்தாலே வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். ரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

சிகிச்சை அழற்சி நீக்கும் வலி மாத்திரைகளும் உடற்பயிற்சியுமாகத் தொடங்கும். அவற்றால் போதிய பலன் இல்லாதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசிகளை வல்லுநர் பரிந்துரைப்பார். ஊசி போடுமுன் உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம்.