தாளில் நின்ற மாளிகை

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் தொடங்கிற்று என்பதை நம்மவர் பலர் அறிவர். அதை நிறுவுமாறு லண்டனிலிருந்து தூண்டியவர் யார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக விளங்கிய சர் ஜோசையா சைல்டு. நகரத்தாரும் இடம்பெற்ற ஒரு சபை விதிக்கும் வரியை மக்கள் முணுமுணுக்காமல் செலுத்துவர் என்பது அவர் கணக்கு. மேயர் ஒருவர், ஆல்டர்மன்கள் 12 பேர், நகரப் பிரதிநிதிகள் 60 பேர் என அச்சபை அமைந்தது. சிறந்த வணிகர் அல்லரோ!

அவ்வணிகர் 1673-இல் லண்டனுக்குக் கிழக்கே வான்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கினார். வால்நட் மரங்களை வரிசையாக நட்டார். மீன் குளங்களை வெட்டினார். இவற்றிற்கு அவர் செலவிட்ட பெருந்தொகையைக் கண்டு வியந்து, ஜான் ஈவ்லின் என்பார் 1683-இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர் நெய்த துணி அந்நாளில் கம்பெனியின் முதன்மையான சரக்குகளுள் ஒன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் தகும்.

தந்தை சேர்த்த செல்வத்தைக் கல்லில் எழுப்பியவர் மகன் ரிச்சர்டு சைல்டு. 1715-ஐ ஒட்டிப் பணி தொடங்கியது. கோலன் காம்பெல் என்ற சிற்பி வரைந்து கொடுத்த மாளிகையின் முகப்பு சுமார் 260 அடி நீளம்; நடுவே கோயில் மண்டபம் போல ஆறு தூண்கள். பண்டை ரோமின் கட்டட முறையைத் தழுவிய அப்பாணி, பின்னர் இங்கிலாந்தின் செல்வர் வீடுகள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று.

ஒரு வீட்டைக் கண்டு நாடெங்கும் வீடுகள் எழுந்தது எவ்வாறு? எல்லோரும் வான்ஸ்டெட்டுக்கு நேரிற் சென்று பார்த்தவர் அல்லர். காம்பெல் 1715, 1717, 1725 ஆகிய ஆண்டுகளில் ‘விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்’ என்னும் பெரும் படநூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். செப்புத் தகட்டிற் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, அக்கீறல்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை மேல் வைத்து அழுத்திப் பொறியில் உருட்டுவர். மை தாளுக்கு ஏறும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் போல நிற்கும். பழைய படங்களை வாங்குவோர் அத்தடத்தைத்தான் முதலில் விரலால் தடவிப் பார்ப்பர். இந்நூற் படங்கள் வண்ணமின்றி வெளிவந்தவை. இன்று வண்ணத்தோடு ஒன்று கிடைக்குமாயின், அது பின்னாளில் எவரோ தீட்டியது என்று கொள்ளலாம்.

இப்படங்களை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். முதல் தொகுதியிலேயே வான்ஸ்டெட்டுக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. மூன்றாம் தொகுதியிலோ இரு கோடியிலும் கோபுரங்களோடு மற்றொரு வடிவம் காட்சியளிக்கிறது. அக்கோபுரங்கள் ஒருநாளும் கட்டப்பெறவில்லை! ஆயினும், அளவுகோலோடும் நுணுக்கமான கோடுகளோடும் அச்சேறிய படத்தைக் கண்டவர் அதனை ஐயுறுவரோ? சிற்பியின் கனவும் உடையவரின் பெருமிதமும் கட்டிய சுவரோடு ஒரே தகட்டில் கலந்துவிடுகின்றன. பழம்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், அது கட்டியதைக் காட்டுகிறதா, கட்ட விரும்பியதைக் காட்டுகிறதா என்று முதலிற் கேட்டாக வேண்டும். என் கருத்தில், பொய்யான கோபுரங்களை உடைய அந்தப் படமே மூன்றிலும் சுவையானது. மெய்யான வீடு அவர்களுக்குப் போதவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறதன்றோ?

வீடு நிலைத்தது நூறாண்டுக்குச் சிறிதே கூடுதல். சொத்து கைமாறிக் கைமாறி 1805-இல் காதரின் டில்னி-லாங் என்ற இளம் பெண்ணிடம் வந்தது. இங்கிலாந்தின் பெருஞ்செல்வியருள் ஒருத்தி எனப் பேர்பெற்ற அவளை, 1812-இல் வில்லியம் வெல்லெஸ்லி-போல் மணந்தான். நம் நாட்டில் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி பிரபுவுக்கு அவன் தம்பி மகன். வரம்பற்ற செலவாலும் கடனாலும் பத்தே ஆண்டில் குடும்பம் குலைந்தது. நிலத்தை விற்க உரிமையில்லை. ஆகவே வீட்டிலுள்ள பொருள்களில் கைவைத்தனர். 1822 ஜூன் மாதம் ஏலம் தொடங்கி 32 நாள் நடந்தது. அதன் பின் மாளிகையையே, கல்லும் மரமும் ஈயமுமாகப் பிரித்தெடுத்துக்கொள்ளும்படி, 10,000 பவுனுக்கு விற்றுவிட்டனர். 1824-ஐ ஒட்டி இடிப்பு வேலை நடந்தது. மறு ஆண்டே காதரின் மறைந்தாள், வயது 35.

தோட்டத்தின் பெரும்பகுதி 1882 முதல் பொதுப் பூங்காவாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மாளிகை நின்ற இடம் இன்று கோல்ப் விளையாடும் புல்வெளி. அடித்தளம் இருந்த பள்ளத்தை அங்கே இன்னும் காணலாம். அருகிலுள்ள மேரி மாதா கோயிலினுள், சென்னைக்கு மேயர் வேண்டுமென்ற சர் ஜோசையா சைல்டு, தலையில் தம் காலத்துப் பொய்முடியும் உடலில் பண்டை ரோமரின் ஆடையுமாகச் சலவைக்கற் சிலையாய் நிற்கிறார்.