பனியில்லா மலையின் நீரிருப்பு: இமய ஆறுகளும் கல்வராயன் ஓடைகளும்

காலநிலை மாற்றத்தால் ஆறுகளுக்கு என்ன நேரும் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மழை அளவை வைத்தே பேசுகிறோம். ஆண்டு மழை குறையாதவரை ஆற்றுக்கும் குறைவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். கோடையில் ஆறு ஓடுமா ஓடாதா என்பதை, பெய்த நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் இருப்பே தீர்மானிக்கிறது. இமயத்தில் அந்த இருப்பு பனிக்கட்டி. எலவனாசூர்கோட்டை வட்டாரத்தின் கெடிலம், மணிமுக்தா, கோமுகி வடிநிலங்களில் அது கல்வராயன் மலைமண்ணும் ஏரிகளும்.

மேல் சிந்து வடிநிலத்தின் நீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு பனிப்பாறை உருகி வருவது என்று ஆய்வாளர் லுட்ஸ் குழுவினர் 2014இல் கணக்கிட்டனர். மேல் கங்கையில் அந்தப் பங்கு 12 விழுக்காட்டுக்குள்தான். அங்கே பருவமழையே பெரிது. வெப்பம் கூடும்போது பனிப்பாறை ஆற்றில் முதலில் நீர் பெருகும். கட்டி சிறுக்கச் சிறுக்க அந்தப் பெருக்கு ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். உலகின் 56 பெரிய பனிப்பாறை வடிநிலங்களை ஆராய்ந்த ஹஸ், ஹாக் இருவரும், ஏறத்தாழ பாதி வடிநிலங்கள் இந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன என்று 2018இல் எழுதினர். இந்துகுஷ்–இமயப் பகுதியில் 2011–2020இல் நேர்ந்த பனியிழப்பு அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமானது என்கிறது காத்மாண்டுவிலுள்ள ஈசிமோட் நிறுவனத்தின் 2023 அறிக்கை. இன்றைய நீர்ப்பெருக்கு, வட்டியில் வாழ்ந்த குடும்பம் அசலில் கைவைத்த கதைதான்.

ஆனாலும் பனிப்பாறை ஆற்றுக்கு ஒரு வசதி உண்டு. மழை பொய்த்து வெயில் கொளுத்தும் ஆண்டில்தான் கட்டி மிகுதியாக உருகுகிறது. வறட்சியின் கடுமை கொஞ்சம் தணிகிறது. கல்வராயன் மலையில் நிலைமை நேர்மாறு. அங்கே வெப்பம் நீரைத் தருவதில்லை. மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் ஏரிப்பரப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. உச்சத்தைத் தொடும்வரை கிடைக்கும் அவகாசம்கூட நமக்கு இல்லை. ஆகவே பனியில்லாத மலை காலநிலை மாற்றத்துக்குக் குறைவாக ஆட்படும் என்ற எண்ணத்துக்கு அடிப்படையே கிடையாது.

கோமுகி அணையை வைத்து ஒரு சிறு கணக்குப் போடலாம். கச்சிராயபாளையம் அருகே 46 அடி உயரத்தில் நிற்கும் இந்த அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. இதை நம்பியுள்ள நிலம் 10,000 ஏக்கருக்கு மேல். அணையின் முழு நீரையும் 10,000 ஏக்கரில் பரப்பினால் ஆழம் ஒன்றேகால் அடிதான் வரும். ஒரு போக நெல்லுக்கோ ஏறத்தாழ நான்கு அடி நீர் வேண்டும். வயலில் நேராக விழும் மழை போக, மீதி எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பகுதி, மழை விட்ட பிறகும் ஓடைகளில் கசிந்து வந்து அணையைத் திரும்பத் திரும்ப நிரப்பும் ஊற்றுநீர். கல்வராயனின் கடினப் பாறைமேல் போர்த்தியிருக்கும் மண்ணும், பாறை வெடிப்புகளும், காட்டுச் சருகும் பிடித்துவைத்த நீர் அது. நமது பனிப்பாறை என்று சொல்லத்தக்கது இதுவே. மண் அரிக்கப்பட்டால் அணைக்கட்டில் குறை இல்லாமலேயே ஆயக்கட்டு காய்ந்துபோகும்.

மழை பெய்யும் விதமும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஓடும் நீர் கோமுகி அணையை ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். திருக்கோவிலூரிலிருந்து கடலூர்வரை கரையோர ஊர்கள் மூழ்கின. ஆண்டு மழைக் கணக்கில் அந்த நாள் நல்ல வரவாகவே பதிவாகும். பயிருக்கு அதில் சேர்ந்தது சொற்பம்.

கொட்டும் நீரைப் பிடித்துவைக்க வேண்டிய இந்த இடத்தில்தான் ஏரி முக்கியமாகிறது. 100 ஏக்கர் ஏரியில் ஓரடி வண்டல் படிந்தால் ஒரு நிரப்புக்கு 43 லட்சம் கன அடிக்கு மேல் இழக்கிறோம். வண்டல் மதகின் அடிமட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த இரண்டு மாதத்திலேயே கடைமடைக்காரர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட வேண்டிவருகிறது. வரத்து வாய்க்கால் தூர்ந்திருந்தால் நிரம்புவதே இல்லை. 1858இலேயே ஏரி, வாய்க்கால்களை ஊரார் கூடிப் பராமரிக்கும் குடிமராமத்தைச் சென்னை மாகாண அரசு சட்டமாக்கியது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கும்!

இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி பனிப்பாறை எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை 2002 முதல் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் மலையேறி அளந்து வருகிறார்கள். அதே அக்கறை கல்வராயன் அடிவார ஓடைகளுக்கும் வேண்டும். தை முதல் ஆனி வரை அவற்றின் ஊற்றோட்டத்தை அளப்பது நம் கல்லூரி மாணவர்களுக்கே எட்டக்கூடிய வேலை. ஏரி தூர்வாரும் ஒவ்வொரு பணியிலும், எத்தனை லோடு மண் அள்ளப்பட்டது என்பதோடு எத்தனை கன அடி நீர் கூடுதலாக நிற்கும் என்பதையும் அளந்து ஊர்ப் பலகையில் எழுதிவைக்குமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.