படைமாணவரின் புகழும் பல்கலைக்கழகத்தின் வரலாறும்
நியூயோர்க் நகரக் கல்லூரியை முன்வைத்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களிற் படைப்பயிற்சி பெற்ற மாணவர் பிற்காலத்தில் தளபதிகளாகவும் அமைச்சர்களாகவும் உயர்ந்தமை பற்றிய பெயர்ப்பட்டியல்கள் பல நாடுகளில் விழா மலர்களை அலங்கரிக்கின்றன. கட்டுப்பாடு, தலைமைத்துவம், தியாகம் ஆகிய பண்புகளே இம்மனிதரை உயர்த்தின என்பது அவற்றின் பொதுவான கூற்று. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயின், தனிமனிதனின் முயற்சியை அவன் வாழ்ந்த சமூக உறவுகளினின்று பிரித்தெடுத்து நோக்குவதால் அது அரை உண்மையாகவே எஞ்சுகின்றது. ஒரு மாணவன் எத்தகைய நிலைமைகளிற் சீருடையை அணிந்தான், அது அவனுக்கு எதைக் கொடுத்தது, அவனிடமிருந்து எதைப் பெற்றது, அதனை அணிய மறுத்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பும்போதே பட்டியல் வரலாறாகின்றது. இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரக் கல்லூரி பொருத்தமானதோர் உதாரணமாகும்.

அமெரிக்க உயர்கல்வியிற் படைப்பயிற்சி வேரூன்றிய முறையை முதலில் நோக்குதல் தகும். 1862 இல், உள்நாட்டுப் போரின் நடுவே நிறைவேறிய மொரில் சட்டம், கூட்டாட்சி அரசு வழங்கிய நிலங்களின் வருவாயைக் கொண்டு விவசாயத்தையும் தொழில்நுட்பத்தையும் போதிக்கும் கல்லூரிகளை நிறுவ வழிவகுத்தது. அக்கல்லூரிகளின் பாடங்களுள் படைத்தந்திரமும் அடங்குதல் வேண்டுமென அது விதித்தது. 1916 ஆம் ஆண்டுத் தேசிய பாதுகாப்புச் சட்டம் இம்மரபை ஒழுங்குபடுத்திச் சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தது.

இவ்வமைப்பை ஆதரித்தோரின் வாதங்களுள் ஒன்று சனநாயகச் சார்புடையது. வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கலாசாலையிற் பயின்றோர் மட்டுமே அதிகாரிகளாயின், படை மக்களினின்று விலகிய ஒரு சாதியாகிவிடும். பொதுக்கல்வி பெற்றோர் அதனுட் புகுந்தால் அது குடிமக்களின் படையாக இருக்கும் என்பதே அவ்வாதம். மறுபுறத்தில், 1898 ஆம் ஆண்டுப் போரின் பின்னர் பிலிப்பைன்சு முதலிய நாடுகளைத் தன் ஆட்சிக்குட்படுத்திய ஓர் அரசுக்குப் பெருந்தொகையான இளம் அதிகாரிகள் தேவைப்பட்டனர். படையை மக்கள்மயப்படுத்துதல், கல்வியைப் படைமயப்படுத்துதல் ஆகிய இவ்விரு போக்குகளும் ஒரே நிறுவனத்தினுள் முரண்பட்டு நின்றமை மனங்கொளத்தக்கது.

இம்முரண்பாடு நகரக் கல்லூரியிற் கூர்மையாக வெளிப்பட்டது. நகரவாசிகளின் வாக்கெடுப்பினால் 1847 இல் இலவசக் கலாசாலையாக நிறுவப்பட்ட இக்கல்லூரி, கட்டணமின்றிக் கல்வி வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குடியேறிய யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் இங்கு திரண்டனர். செல்வாக்குமிக்க தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்க்கு மறைமுகமான எல்லை வகுத்திருந்த காலம் அது. பாட்டாளிகளின் ஹாவார்ட் என இக்கல்லூரி அழைக்கப்பட்டமை வெறும் புகழ்ச்சியன்று.

முதலாம் உலகப் போரின் விளைவாக இங்கு படைப்பயிற்சி நுழைந்து கட்டாயமாக்கப்பட்டது. 1925 இல் மாணவர் ஏடொன்றின் ஆசிரியராயிருந்த பீலிக்ஸ் கோஹன் என்னும் மாணவர் அதற்கெதிரான இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். மாணவரிடையே நிகழ்ந்த வாக்கெடுப்பிற் பெரும்பான்மையோர் கட்டாயப் பயிற்சியை நிராகரித்தனர். பின்னர் கட்டாயம் தளர்த்தப்பட்டது. பொருளாதார மந்தம் உச்சநிலையடைந்த 1933 இல் எதிர்ப்பு மீண்டும் மூண்டது. அவ்வாண்டு மே மாதம் படைமாணவர் அணிவகுப்பை எதிர்த்துத் திரண்டோர்மீது கல்லூரித் தலைவர் பிரெடெரிக் றொபின்சன் தமது குடையாலேயே தாக்குதல் தொடுத்தார். பல மாணவர் வெளியேற்றப்பட்டனர்.

சீருடையை மறுத்த கோஹனும் பொதுவாழ்வில் உயர்ந்தவரே. சட்டம் பயின்று உள்துறைத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் சுயாட்சியை ஓரளவேனும் மீட்டெடுக்க முயன்ற 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைவதிற் பெரும்பங்கு வகித்தார். பூர்வகுடிகளுக்குரிய சட்டங்களைத் தொகுத்தாராய்ந்த அவரது நூல் அத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகின்றது. ஆயினும் படைமாணவரின் பெருமை பேசும் பட்டியல்களில் இத்தகையோருக்கு இடமிருப்பதில்லை. அணிவகுப்பு மைதானத்துக்கு வெளியேயும் தலைமைத்துவம் உருவாகின்றது என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.

இனி, இக்கல்லூரியின் படைமாணவருட் பெரும்புகழ் எய்திய கொலின் பவலை நோக்குவோம். 1937 இல் ஹார்லெமிற் பிறந்து தென் புறொங்ஸ் பகுதியில் வளர்ந்த அவரின் பெற்றோர் ஜமேக்காவிலிருந்து குடியேறியவர்கள்; இருவரும் ஆடைத் தொழிற்றுறையில் உழைத்தவர்கள். 1954 இல் கல்லூரிக்குள் நுழைந்த பவல், பொறியியலைக் கைவிட்டுப் புவிச்சரிதவியல் பயின்றார். பாடங்களிற் சராசரி மாணவராயிருந்த தமக்குப் படைப்பயிற்சியே நோக்கத்தையும் தோழமையையும் தந்தது என 1995 இல் வெளியான தன்வரலாற்றில் அவர் விபரித்துள்ளார். 1958 இற் பட்டத்துடன் இரண்டாம் லெப்டினன்ட் பதவியும் பெற்றார்.

இங்கு புறநிலைக் காரணிகளைக் கருத்திற் கொள்ளவேண்டும். 1948 இல் ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்த ஆணையால் ஆயுதப்படைகளில் இனப்பிரிப்பு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கம்பனிகளும் சட்டத்தரணிகளின் நிறுவனங்களும் கறுப்பினப் பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் மூடிக்கிடந்த வேளையிற் படை ஓரளவு திறந்த பாதையாயிருந்தது. ஆனால் அத்திறப்பு முகாமின் வாயிலோடு நின்றுவிட்டது. வியட்நாமில் முதற்சேவையை முடித்துத் திரும்பிய பவலுக்கு ஜோர்ஜியா மாநிலத்தில் உணவுக்கடையொன்று அவரது நிறத்தைக் காரணமாக்கி உணவு வழங்க மறுத்தது. அரசின் பொருட்டுப் போரிட்டவர் அவ்வரசின் எல்லைக்குள்ளேயே முழுக் குடிமகனாய் இருக்கவில்லை.

அவர் 1989 இற் கூட்டுப்படைத் தலைவர்கள் குழுவின் தலைவராகவும், 2001 இல் இராஜாங்கச் செயலாளராகவும் உயர்ந்தார். இரு பதவிகளையும் வகித்த முதற் கறுப்பினத்தவர் அவரே. இவ்வுயர்வைச் சிறுமைப்படுத்துவது நமது நோக்கமன்று. அதற்கு அவர் செலுத்திய விலையை மதிப்பிடுவதே நோக்கம். 1968 இறுதியில், அவர் வியட்நாமில் மேஜராயிருந்த வேளை, அமெரிக்கத் துருப்புகள் பொதுமக்களைக் கொடுமைப்படுத்துவதாகச் சிப்பாய் ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் விசாரணைக்கு வந்தது. துருப்புகளுக்கும் மக்களுக்கும் நல்லுறவே நிலவுவதாக அவர் அறிக்கை எழுதினார். அவர் அங்கு செல்வதற்குச் சில மாதங்கள் முன்னர், அதே படைப்பிரிவைச் சேர்ந்தோரே மை லாய்ப் படுகொலையை நிகழ்த்தியிருந்தனர். 2003 பெப்ரவரி 5 ஆம் திகதி, ஈராக்கிற் பேரழிவு ஆயுதங்கள் உள்ளனவெனப் பாதுகாப்புச் சபையில் வாதிட்டவரும் அவரே. அத்தகைய ஆயுதக் கையிருப்புகள் கண்டுபிடிக்கப்படவில்லை. அவ்வுரை தமது வாழ்வில் ஒரு கறையென 2005 இல் அவர் ஏற்றுக்கொண்டார். 2021 இற் காலமானார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனிமனித ஒழுக்கக் குறையாக மட்டும் விளக்குதல் போதாது. பதவியுயர்வு மேலிருந்தே வழங்கப்படும் அமைப்பில், மேலிடத்துக்கு உவப்பற்ற உண்மையைக் கூறுவது உயர்வுக்கே இடையூறாகின்றது. புறொங்ஸ் தொழிலாளியின் மகனை மேலே கொண்டுசென்ற அமைப்பு, வியட்நாமிய விவசாயியின் பக்கம் நின்று பேசும் சுதந்திரத்தை அவருக்கு இலகுவில் அளிக்கவில்லை.

கல்லூரியின் பிற்கால வரலாறு இவ்விடயத்தை மேலும் தெளிவாக்குகின்றது. 1969 இற் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 1970 இல் நகரப் பல்கலைக்கழகம் தன் வாயில்களை நகரின் உயர்பாடசாலைப் பட்டதாரிகள் அனைவருக்கும் திறந்தது. அதே ஆண்டு மே 4 ஆம் திகதி, ஒஹாயோவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்திற் போரெதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது மாணவர் நால்வர் தேசிய காவற்படையினராற் சுட்டுக்கொல்லப்பட்டனர். இச்சூழலில், எழுபதுகளின் தொடக்கத்திற் படைப்பயிற்சி நகரக் கல்லூரியை விட்டகன்றது. ஆனால் 1976 இல், நகரின் நிதிநெருக்கடியைக் காரணங்காட்டி இலவசக் கல்வியும் ஒழிக்கப்பட்டது. தொழிலாளரின் பிள்ளைகள் முன்னெப்போதையும்விடப் பரந்த அளவில் உள்ளே வரத்தொடங்கியபோதே கட்டணம் விதிக்கப்பட்டது.

2013 இற் படைப்பயிற்சி இக்கல்லூரிக்கு மீண்டது. அவ்வாண்டிலேயே பவலின் பெயர்தாங்கிய கல்விப்பிரிவொன்றும் அங்கு நிறுவப்பட்டது. ஆனால் 1954 இல் அவருக்கு வாய்த்த கட்டணமற்ற கல்வி மீளவில்லை. பவல் சீருடை அணிந்தது கல்விக்கட்டணம் செலுத்துவதற்காகவன்று. அவரது கல்வி ஏற்கெனவே இலவசமாயிருந்தது. கட்டணம் நிலவும் இன்றைய அமைப்பில், படைச்சேவைக்கு உடன்படுவோருக்கு வழங்கப்படும் புலமைப்பரிசில் வறிய மாணவனின் தெரிவையே மாற்றிவிடக்கூடியது. விருப்பத்தின்பாற் சேர்தலும் வேறு வழியின்மையாற் சேர்தலும் ஒன்றல்ல.

எனவே முன்னாட் படைமாணவரின் சாதனைகளை எழுதும்போது, அவற்றுக்கு அடித்தளமாயிருந்த பொதுக்கல்வியின் வரலாற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். 1945 முதல் இலவசக் கல்வியின் பயனை நுகர்ந்துவரும் இலங்கையர்க்கு இது அந்நிய விடயமன்று. பவலை உருவாக்கியதிற் பயிற்சி மைதானத்துக்குப் பங்குண்டு. அம்மைதானத்தை அடையுமுன் அவரை அனுமதித்தது, நகர மக்கள் தமது வரிப்பணத்தால் நூறாண்டுகளுக்கு மேலாகப் பேணிய கட்டணமற்ற கல்லூரி. விழா மலர்கள் முதலாவதை நினைவுகூர்கின்றன. இரண்டாவதை நினைவூட்டுவது ஆய்வாளரின் கடமையாகும்.